நானுஓயாவிலிருந்து பதுளைக்கு முதலாம் வகுப்பில்: திட்டமிடுவதிலிருந்து இறங்கும் வரை

இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலையில் எங்கள் வீடு ரயில் பாதைக்கு மேலேயே இருக்கிறது. பள்ளி விடுமுறை விட்டால் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், சில வருடங்களில் திருச்சியிலிருந்தும் உறவுக்காரர்கள் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: ஒரு நாள் கோச்சியில் (ரயிலில்), அதுவும் முதலாம் வகுப்பில், எல்ல என்ற மலை ஊர்ப் பக்கம் போய்வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவையாவது நானே டிக்கெட் எடுத்துக் கூடவே போயிருக்கிறேன்.

பயணம் கெட்டுப்போன தடவைகளை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம். அறையை முதலில் பிடித்துவிட்டு டிக்கெட்டைக் கடைசியில் தேடுவார்கள். எந்த வகுப்பில் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் விலை கூடியதை வாங்குவார்கள். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்து பாருங்கள்.

1. முதலாம் வகுப்பு எதற்கு என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள்

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

இன்று மலைநாட்டுப் பாதையில் ஓடும் நீல நிற ரயில்களில் முதலாம் வகுப்பு என்றால் ஏசி பெட்டி. அகலமான இருக்கை, உங்கள் பெயரில் ஒதுக்கிய இடம், நடைபாதையில் யாரும் நிற்க மாட்டார்கள். ஆனால் ஜன்னல் திறக்காது. எங்கள் பெரியப்பா முதல் தடவை ஏறி உட்கார்ந்ததும், "தம்பி, இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடு, தேயிலை வாசம் வரட்டும்" என்றார். திறக்க முடியாது என்றதும் அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அவருக்கு நான் இரண்டாம் வகுப்பு எடுத்திருக்க வேண்டும். அதிலும் முற்பதிவு ஆசனம் உண்டு, ஜன்னலும் திறக்கும்.

சில ரயில்களில் ஒப்சவேஷன் பெட்டி என்று பழைய வகை முதலாம் வகுப்பு இருக்கும். பெட்டியின் கோடியில் பெரிய கண்ணாடி இருக்கும். ஆசனங்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கும். அந்தப் பெட்டி ரயிலின் வாலில் இருந்தால் பின்னோக்கித்தான் பயணம் செய்வீர்கள். இந்தப் பாதையில் வளைவு அதிகம். பஸ்ஸில் தலைசுற்றி வாந்தி எடுப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார், நெரிசல் தாங்காதவர்கள், சாமான் அதிகம் உள்ளவர்கள் முதலாம் வகுப்பில் போகட்டும். படம் எடுக்க விரும்புகிறவர்களும் காற்று முகத்தில் பட வேண்டும் என்கிறவர்களும் இரண்டாம் வகுப்பு முற்பதிவில் போகட்டும். இரண்டும் வேண்டும் என்றால் போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றது. அம்மாவை நான் அப்படித்தான் கூட்டிப் போவேன்.

இன்னொன்று. குடும்பத்தில் நாலு பேர் முதலாம் வகுப்பிலும் மூன்று பேர் மூன்றாம் வகுப்பிலும் எடுத்துவிட்டு, உள்ளே போய் மாறி மாறி உட்காரலாம் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட்டில் உள்ள பெட்டியில்தான் இருக்க முடியும்.

2. பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் பெயர்த்துப் போட்டது. மண்சரிவில் ஊர்களே போயின. அந்த நாட்களுக்குப் பிறகு, "வழக்கமாக ஓடும் ரயில்தானே" என்று நம்பித் திட்டம் போடுவதை நான் விட்டுவிட்டேன்.

நீங்கள் ஏறும் நிலையத்திலிருந்து இறங்கும் நிலையம் வரை முழுத் தூரமும் ரயில் ஓடுகிறதா என்று ரயில்வே திணைக்களத்தின் அறிவிப்பில் பாருங்கள், அல்லது நானுஓயா, பதுளை நிலையங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். நேர அட்டவணையையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய பயணக் கட்டுரைகளில் உள்ள நேரங்களை எடுக்க வேண்டாம். பாதை பழுதுபட்ட பிறகு ரயில்கள் எந்த நிலையத்தில் தொடங்கி எதில் முடியும் என்பதே மாறக்கூடும்.

பயணத்துக்கு முதல் நாள் மாலையும் ஒரு தடவை கேளுங்கள். மலையில் ஓர் இரவு கடும் மழை பெய்தால் காலையில் பாதையில் கல்லோ மரமோ கிடக்கலாம்.

3. முழுப் பாதையும் வேண்டாம், ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீட்டர். கண்டியிலிருந்து எல்லவுக்கே ஏழு மணி நேரம் ஆகலாம். மூடிய ஏசி பெட்டியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தால் நாலாவது மணியில் பிள்ளைகள் போனைக் கையில் எடுத்துவிடுவார்கள், பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டியதெல்லாம் வருகிறது.

ஆகவே முதலாம் வகுப்புக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் நானுஓயாவுக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட துண்டுக்குக் கொடுங்கள். ரயில் நேரத்துக்கு ஓடினால் மூன்றரை, நாலு மணி நேரம். அதற்குள் நாட்டின் மிக உயர்ந்த ரயில் நிலையமான பட்டிபொல, மலை விளிம்பு, ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் வந்துவிடும்.

புதிதாக வருபவர்கள் விடும் மிகப் பெரிய பிழை இந்த இடத்தில்தான். "எல்ல வரை ஒரு டிக்கெட்" என்று எடுப்பார்கள். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரவுக்கும் நடுவில் இருக்கிறது. நானுஓயாவிலிருந்து வந்து எல்லவில் இறங்குகிறவர்கள் அந்தப் பாலத்தின் மேல் போவதே இல்லை. இறங்கி அறைக்குப் போன பிறகு, "பாலம் எப்போது வந்தது, நான் பார்க்கவில்லையே" என்று சித்தி கேட்டார். வந்தால்தானே பார்ப்பதற்கு.

தெமோதரவிலும் இதே கதைதான். அங்கே பாதை நிலையத்தைத் தாண்டிச் சுற்றி வளைந்து, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்தின் வழியாகப் போகிறது. தெமோதரவில் இறங்கிவிட்டால் அந்தச் சுற்று கிடைக்காது. பதுளை வரை எடுத்தால் இரண்டும் கிடைக்கும். எல்லவுக்கும் பதுளைக்கும் இடையில் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பதுளையிலிருந்து எல்லவுக்கு பஸ் இருக்கிறது. எல்லவில்தான் தங்குகிறீர்கள் என்றாலும் பதுளை வரை போய்த் திரும்பி வாருங்கள்.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் கண்டிப் பக்கத்திலிருந்து எல்ல நோக்கித்தான் போகிறார்கள். அதனால் அந்தத் திசையில் ஆசனம் கிடைப்பது கடினம். காலையில் பதுளையிலிருந்து புறப்படும் ரயிலில் நானுஓயாவுக்கு வந்து பாருங்கள். டிக்கெட் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அத்தோடு பதுளை அடங்கிய ஊவா மாகாணப் பக்க மலைகளைக் காலை வெளிச்சத்தில் காணலாம். பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் ஏசி பெட்டியின் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத்துணி தொங்குவது போலத்தான் இருக்கும்.

கண்டியிலிருந்துதான் ஏறுவோம் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வழக்கமான ஓட்டத்தில், கொழும்பிலிருந்து வரும் எல்லா ரயிலும் கண்டி நகருக்குள் வருவதில்லை. பொடி மெனிக்கே என்ற ரயில் கண்டிக்குள் போய் அங்கிருந்து திசை மாறித் திரும்பும். உடரட்ட மெனிக்கே என்ற ரயில் கண்டிக்குள் போகாமல் பேராதனைச் சந்தியிலிருந்து நேரே நாவலப்பிட்டிப் பக்கம் போய்விடும். உடரட்ட மெனிக்கேயில் டிக்கெட் எடுத்துவிட்டுக் கண்டி நிலையத்தில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேராதனைச் சந்திக்குப் போய் ஏற வேண்டும்.

4. மாதம்

மலையின் இரண்டு பக்கத்திலும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் மழை பெய்வதில்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்தை நனைக்கும். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவுக்கு மழை. பெப்ரவரி, மார்ச்சில் இரண்டு பக்கமும் ஓரளவு தெளிவாக இருக்கும்.

ஏப்ரலில் நுவரெலியா சீசன். புத்தாண்டு விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். டிக்கெட், அறை, வாகனம் மூன்றுக்கும் அடிபிடி. போயாவோடு (பௌர்ணமி விடுமுறை) சனி, ஞாயிறு சேர்ந்து வரும் வாரங்களும் அப்படித்தான். முடிந்தால் செவ்வாய், புதன் என்று வார நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

5. முற்பதிவுக்கு உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பயணம் செய்யும் எல்லோருடைய அடையாள அட்டை இலக்கங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கடவுச்சீட்டு இலக்கம். அதை போனில் படமாக வைத்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்து எழுதினால் நேரம் போய்விடும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் வையுங்கள்.

வங்கி அட்டையும், ஓடிபி வரும் போனும். அட்டை அண்ணாவுடையது, ஓடிபி போவது டுபாயில் இருக்கும் அண்ணாவின் போனுக்கு, அண்ணா வேலையில். இப்படி ஒரு தடவை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஆசனம் போனது. யாருடைய அட்டையோ அவரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது தேதி ஒன்று. முதல் தேதியில் இடம் இல்லை என்று தெரிந்த பிறகு குடும்பத்தோடு கூடிப் பேசினால், பேசி முடிப்பதற்குள் இரண்டாவது தேதியும் போய்விடும். இரண்டு தேதி, இரண்டு ரயில் என்று முன்பே முடிவெடுத்து வையுங்கள். இந்த ரயிலில் முதலாம் வகுப்பு இல்லாவிட்டால் இரண்டாம் வகுப்பு எடுப்பதா, அடுத்த நாள் போவதா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

6. டிக்கெட் எடுப்பது

பயணத் தேதிக்கு 30 நாள் முன்னால் முற்பதிவு திறக்கும். ரயில்வே திணைக்களத்தின் ஆசன முற்பதிவு இணையதளத்திலும் எடுக்கலாம், முற்பதிவு வசதி உள்ள நிலையங்களின் கவுன்டரிலும் எடுக்கலாம். 30 நாளை விரலில் எண்ண வேண்டாம். 31 நாள் உள்ள மாதத்தில் ஒரு நாள் பிசகிவிடும். காலண்டரை எடுத்து வையுங்கள்.

எல்ல பக்கம் போகும் ரயில்களுக்குத் திறந்த சில நிமிடங்களிலேயே ஆசனங்கள் தீர்ந்துபோவது உண்டு. அதனால் திறக்கும் நேரத்துக்கு முன்பே தளத்துக்குள் போய், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் எல்லாம் எங்கே தெரிவு செய்வது என்று ஒரு தடவை பழகிப் பாருங்கள். தளத்தில் நிலையப் பெயர்கள் ஆங்கிலத்தில் வரும்போது ஒரு குழப்பம் வரும்: நுவரெலியா என்று தேடுவார்கள். நுவரெலியா நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது. நானுஓயாதான் அதற்குரிய நிலையம். நகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது.

நானுஓயாவிலிருந்து எல்ல வரை ஆசனம் இல்லை என்று காட்டினால் அத்தோடு விட்டுவிட வேண்டாம். நானுஓயாவிலிருந்து பதுளை என்று போட்டுப் பாருங்கள். ஆசனங்கள் நிலையத்துக்கு நிலையம் பங்கிட்டு ஒதுக்கப்படுவதால் ஒரு சோடியில் இல்லாதது இன்னொரு சோடியில் இருக்கலாம். தூரத்து நிலையத்துக்கு எடுத்துவிட்டு முன்னால் இறங்குவதில் பிரச்சினை இல்லை. ஆனால் நீங்கள் ஏறும் நிலையத்துக்கு முந்திய நிலையத்திலிருந்து எடுத்துவிட்டு நடுவில் வந்து ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். ஆசனம் காலியாக இருப்பதைப் பார்த்து வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் வாக்குவாதத்தோடு பயணம் தொடங்கும்.

கைக்குழந்தை தவிர்ந்த பிள்ளைகளுக்குத் தனி ஆசனம் எடுங்கள். "மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்ன மாமா அப்புத்தளையிலேயே கால் மரத்துப்போய் எழுந்து நின்றார். ஏழு வயதுப் பிள்ளையை மூன்று மணி நேரம் மடியில் வைக்க முடியாது.

கட்டணம் ரயிலுக்கு ரயில் மாறும். சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடும் எல்ல ஒடிசி போன்ற ரயில்களுக்குக் கட்டணம் சாதாரண ரயிலைவிட அதிகம். அவை காட்சி இடங்களில் படம் எடுக்க நின்று போகும் என்பதுதான் வித்தியாசம். பெரியவர்களோடு போகிறவர்களுக்குச் சாதாரண ரயிலின் முதலாம் வகுப்பே போதும் என்பது என் எண்ணம்.

இடைத்தரகரைப் பற்றி ஒன்று. திணைக்களத் தளத்தில் தீர்ந்த டிக்கெட்டை நாலு மடங்கு விலைக்கு வைத்திருக்கிறோம் என்று போனில் செய்தி வரும். ஒரு தடவை ஆசைப்பட்டு வாங்கினேன். டிக்கெட்டில் வேறு யாருடையதோ அடையாள அட்டை இலக்கம். ரயிலில் அட்டையைக் கேட்டால் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. நாலு மணி நேரமும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது, ஒரு மலையைக்கூட நிம்மதியாகப் பார்க்கவில்லை. அதன் பிறகு ஆசனம் கிடைக்காவிட்டால் தேதியைத்தான் மாற்றுகிறேன்.

டிக்கெட் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: தேதி, திசை, வகுப்பு. அப்புறம் உறுதிச் செய்தியில் எழுதியிருப்பதைக் கடைசி வரி வரை படியுங்கள். கவுன்டரில் காட்டித் தாள் டிக்கெட் வாங்கச் சொல்லியிருந்தால் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். எப்படியானாலும் ஒரு பிரதியை அச்சிட்டு வையுங்கள். மலையில் சிக்னல் போகும், குளிரில் போனின் சார்ஜும் வேகமாக இறங்கும்.

7. அறையும் வாகனமும் இப்போதுதான்

டிக்கெட் கைக்கு வந்த பிறகு அறையைப் பிடியுங்கள். அறைகள் நூறு இருக்கும். ஒரு ரயிலில் முதலாம் வகுப்பு ஆசனங்கள் ஒன்றிரண்டு பெட்டி அளவுதான். குறைவாகக் கிடைப்பதை முதலில் பிடித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வைப்பதுதான் சுலபம்.

வாகனத்தோடு வந்திருந்தால் சாரதியிடம் சாமான்களைக் கொடுத்து ரோட்டால் பதுளைக்கோ எல்லவுக்கோ அனுப்பிவிடுங்கள். நீங்கள் ஒரு கைப்பையோடு ரயிலில் வாருங்கள். சாரதியிடம் ரயில் வந்து சேரும் நேரத்தைச் சொல்லும்போது ஒரு மணி நேரம் பிந்தலாம் என்றும் சொல்லுங்கள். ரம்புக்கனைக்கு மேலே பாதை பெரும்பாலும் ஒற்றை வழி. எதிர்ப்பக்க ரயில் வந்து சேரும்வரை இது நிலையத்தில் நிற்க வேண்டும். ஒரு ரயில் பிந்தினால் மற்றதும் பிந்தும். அன்று மாலையே இன்னொரு பஸ்ஸையோ விமானத்தையோ பிடிக்க வேண்டிய திட்டத்தில் இந்தப் பயணத்தை நுழைக்க வேண்டாம்.

8. பையில் என்ன

முதலாம் வகுப்பில் குளிருக்கு இரண்டு காரணம் உண்டு, ஒன்று ஏசி, மற்றது மலை. பட்டிபொல நிலையம் 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்தவர்கள் அம்பேவெல தாண்டும்போது கையைக் கட்டிக்கொள்வார்கள். ஆளுக்கொரு ஸ்வெட்டர், பெரியவர்களுக்குக் கழுத்தைச் சுற்ற ஒரு துணி. அவற்றைப் பெரிய பையில் வைத்து மேல் தட்டில் ஏற்றிவிடாமல் கையில் வைத்திருங்கள்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். வடை, கடலை விற்பவர்கள் இரண்டாம், மூன்றாம் வகுப்பில்தான் அதிகம் சுற்றுவார்கள். மூடிய ஏசி பெட்டிக்கு அவ்வளவாக வருவதில்லை. நாங்கள் ரொட்டியும் காய்ந்த சம்பலும் கொண்டுபோவோம். கறி வேண்டாம், வளைவில் சிந்தும். மூடிய பெட்டி என்பதால் கருவாடு, நெத்தலி போல மணம் நிற்பதும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்களும் மனிதர்கள்தான். பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்தால் முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள்.

டிஷ்யூ, கைகழுவ ஒரு சிறு போத்தல் தண்ணீர், தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழம் அல்லது இஞ்சி.

கண்ணாடி வழியே படம் எடுப்பவர்கள் ஒரு கறுப்புத் துணியும் மெல்லிய பருத்தித் துணியும் கொண்டுபோங்கள். பருத்தித் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைத்தால் உள்ளே எரியும் விளக்கின் பிரதிபலிப்பு படத்தில் விழாது.

9. நிலையத்தில்

ரயில் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்குச் சாதாரண நாளில் அரை மணி நேரம் போதும். ஏப்ரலில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போனதும் நிலைய ஊழியரிடம் டிக்கெட்டைக் காட்டி, முதலாம் வகுப்புப் பெட்டி மேடையில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று கேளுங்கள். இதைக் கேட்காதவர்கள்தான் ரயில் வந்த பிறகு பாட்டியையும் பையையும் இழுத்துக்கொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறார்கள். ரயில் சில நிமிடம்தான் நிற்கும். பெட்டிப் படியும் உயரம், மேடையிலிருந்து எட்டி ஏற வேண்டும். ஓர் இளையவர் முதலில் ஏறிக் கை கொடுக்கட்டும், பெரியவர்கள் நடுவில், சாமான் கடைசியில். சாமானை முதலில் ஏற்றினால் அது வாசலை அடைத்துக்கொள்ளும்.

உங்கள் ஆசனத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். அவருடைய டிக்கெட்டையும் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை பெட்டி மாறி ஏறியிருப்பார்கள். அது நீங்களாகவும் இருக்கலாம்.

10. உள்ளே உட்கார்ந்த பிறகு எதை எப்போது பார்ப்பது

எந்தப் பக்கம் உட்காருவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இடமும் வலமும் மாறி மாறித்தான் காட்சி வரும். அதனால் ஆசனம் கிடைத்த பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல், எப்போது எழுந்து மற்றப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நானுஓயாவிலிருந்து பதுளை நோக்கிப் போகும் வரிசையில் சொல்கிறேன். எதிர்த்திசையில் வந்தால் இதைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

அம்பேவெல வரும்போது தேயிலை குறைந்து புல்வெளியும் காடும் தொடங்கும். பட்டிபொலவுக்கு அப்பால் ஒஹியவுக்கு முன்னால் ஒரு சுரங்கம் வரும். மத்திய மாகாணம் முடிந்து ஊவா தொடங்கும் இடம் அதுதான். இந்தப் பக்கம் பனியும் தூறலுமாக இருக்க, சுரங்கத்தின் அந்தப் பக்கம் வெயில் அடித்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஆகவே நானுஓயாவில் ஒன்றும் தெரியவில்லை என்று மனம் சோர வேண்டாம். சுரங்கம் வரும் முன் பிள்ளைகளை எழுப்பி வையுங்கள்.

இதல்கஸ்ஹின்ன நிலையம் மலை முதுகின் மேல் இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் பள்ளம். அங்கிருந்து அப்புத்தளை வரைதான் இந்தப் பயணத்தின் உயிர் என்று எனக்குத் தோன்றும். வானம் தெளிவாக இருந்தால் வலப்பக்கம் தெற்குச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும். இந்த அரை மணி நேரத்தில் யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டமே உண்டு.

அப்புத்தளைக்குப் பிறகு தியத்தலாவ, பண்டாரவளை. இங்கே சாப்பிடலாம், கழிவறைக்குப் போய் வரலாம்.

எல்லவில் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். பெட்டி காலியாகும். நீங்கள் உட்கார்ந்திருங்கள். சில நிமிடங்களில் ஒன்பது வளைவுப் பாலம் வரும். பாலம் வளைந்து போவதால் முன்னால் போகும் பெட்டிகளை உங்கள் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். பாலத்தின் மேல் இருந்துகொண்டு பாலத்தை முழுதாகப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இன்னொரு நாள் எல்லவிலிருந்து நடந்து போய்க் கீழே நிற்க வேண்டும்.

தெமோதரவில் ரயில் நின்று புறப்பட்டதும், நிலையக் கட்டடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில் சுற்றி வந்து சுரங்கத்துக்குள் நுழையும்போது அந்த நிலையம் தலைக்கு மேலே இருக்கும்.

நிலையங்களில் ஓட்டுநருக்கும் நிலைய அதிபருக்கும் இடையில் வளையம் ஒன்று கைமாறுவதைக் காணலாம். அடுத்த நிலையம் வரை பாதை உங்களுக்குத்தான் என்பதற்கான அனுமதி அது. அது கையில் இல்லாமல் ரயில் அசையாது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஏன் நிற்கிறோம் என்ற கேள்வி குறையும்.

11. கதவு

ஜன்னல் திறக்காததால் முதலாம் வகுப்பில் இருப்பவர்களும் கதவுக்குப் போய்த் தொங்கப் பார்க்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்துப் படம் எடுப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. இந்தப் பாதையில் பாறையும் சுரங்கச் சுவரும் கம்பங்களும் பெட்டிக்கு மிக அருகில் வரும், வளைவு முடியும் வரை கண்ணுக்குத் தெரியாது. படியும் ஈரமாக இருக்கும். இப்படி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். காற்று வேண்டுமென்றால் ரயில் நிலையத்தில் நிற்கும்போது வாசலில் நின்று நாலு மூச்சு இழுத்துவிட்டு உள்ளே வாருங்கள். காற்றுக்காகவே வருகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பு ஜன்னல் இருக்கிறது.

12. இறங்குவது

பதுளை கடைசி நிலையம் என்பதால் அவசரம் இல்லை. எல்லவிலோ அப்புத்தளையிலோ இறங்குவதானால் முந்திய நிலையம் தாண்டியதும் பைகளை இறக்கி வாசல் பக்கம் வையுங்கள். எல்லவுக்கு முந்தியது ஹீல்ஓயா. நிலையப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். அறிவிப்பை நம்பிக் காத்திருக்காமல் பலகையைப் பாருங்கள்.

இறங்கும்போது பெரியவர்களைப் படியில் பின்னோக்கித் திருப்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கச் சொல்லி இறக்குங்கள். ஏணியில் இறங்குவது போல. முன்னோக்கி இறங்கினால் உயரத்தைப் பார்த்துப் பயந்து கால் தடுமாறும்.

டிக்கெட்டை ரயிலுக்குள் எறிந்துவிட்டு வர வேண்டாம், வெளிவாசலில் கேட்பார்கள். நினைவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஏறும் முன்பே அதைப் படம் எடுத்துவிடுங்கள். பதுளை வாசலில் அம்மா தன் டிக்கெட்டைக் கொடுக்க மனமில்லாமல் நின்ற பிறகு, நான் அப்படித்தான் செய்கிறேன்.